பிளக் மாற்றினால் மைலேஜ் கூடுமா?

ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வந்த பைக்கை மெக்கானிக் முதலில் என்ன செய்வார் என்பது பட்டறை வாசலில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். பிளக்கைக் கழற்றி, அதைத் திரும்பக் கேப்பில் மாட்டி, இரும்பு உடம்பு எஞ்சின் ஹெட்டில் படும்படி சாய்த்து வைப்பார். கிக்கரை ஓங்கி ஒரு மிதி. பிளக் நுனியில் ‘டிக்’ என்று நீலமாக ஒரு பொறி வெட்டும். “கரன்ட் வருது, பிளக் நல்லாத்தான் இருக்கு. கார்புரேட்டரைப் பாத்துடலாம்” என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. காயிலிலிருந்து மின்சாரம் வருகிறது என்பது உண்மை. பிளக் நல்லாயிருக்கிறது என்பதற்கு மட்டும் இன்னும் சாட்சி இல்லை. காரணம், பிளக் பிழைப்பு நடத்துவது வெட்டவெளியில் இல்லை.

ஒரு வாயுவுக்குள் மின்பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-லேயே அளந்து சொல்லிவிட்டார். இரு முனைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கினால் வரும் எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. தூரம் கூடினாலும் வோல்டேஜ் கூட வேண்டும். தூரம் மாறாமல் அழுத்தம் கூடினாலும் கூட வேண்டும். காரணம் எளிது. பொறி உண்டாக, முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் வேகமெடுத்துப் போய் ஒரு மூலக்கூறில் மோதி, அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிட வேண்டும். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் பாயும் பாதை அமைந்துவிடும். மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தால் எலக்ட்ரான் வேகமெடுக்கும் முன்பே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலிலும் அதை ஓட வைக்க விசை அதிகம் வேண்டும்.

ஒரு பைக் பிளக்கின் 0.7 மி.மீ. இடைவெளியைத் திறந்த காற்றில் தாண்ட 3,000 முதல் 4,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை எட்டு ஒன்பது மடங்கு நெருக்கி வைத்திருக்கும் அந்தக் கணத்தில் அதே இடைவெளி 10,000 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். ஆக, ஹெட்டின் மேல் சாய்த்து வைத்தபோது பளிச்சென்று வெட்டிய பிளக், உள்ளே போனதும் வெட்டாமல் விடலாம்.

மெக்கானிக்குகள் தினமும் கேட்கும் ஒரு புகாருக்கும் இதுதான் விளக்கம். “நின்னு ஓடும்போது ஒண்ணும் தெரியல சார், மேட்டுல ஏறும்போதுதான் மிஸ்ஸிங் அடிக்குது.” ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், சிலிண்டருக்குள் நுழையும் காற்று கொஞ்சம், அழுத்தமும் கொஞ்சம். நோஞ்சான் பிளக்கும் அதில் சமாளித்துவிடும். ஏற்காடு ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் எகிறுகிறது. பிளக்கின் வேஷம் கலைவது அப்போதுதான்.

இத்தனை வோல்ட் எங்கிருந்து வருகிறது? பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். மீதியெல்லாம் இக்னிஷன் காயிலின் வேலை. ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள். ஒன்று தடித்த கம்பியில் நூற்றுச் சொச்சம் சுற்று. மற்றொன்று தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியில் அதைப்போல் நூறு மடங்கு சுற்று. தடித்த சுருளில் சில மில்லிவினாடிகள் மின்சாரத்தை ஓடவிட்டு, ஆறேழு ஆம்பியர் வந்ததும் சட்டென்று துண்டிக்கிறார்கள். வயலில் மோட்டார் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் பட்டென மூடினால் குழாய் முழுக்க ஓர் அதிர்ச்சி ஓடுமே, அதே கதைதான் இங்கும். ஓடிய மின்சாரம் நிற்க மறுத்து, முதல் சுருளிலேயே முந்நூறு நானூறு வோல்ட்டாக எகிறுகிறது. இரண்டாம் சுருளில் அது நூறு மடங்காகி, 30,000 வோல்ட்டைத் தொடும் வல்லமை வந்துவிடுகிறது.

இந்த யுக்திக்கு வயது அதிகம். மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டது 1831-இல். 1860-இல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் தன் கேஸ் எஞ்சினைப் பற்றவைக்க, அன்று பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில் இருந்த ரூம்கார்ஃப் காயிலைப் பயன்படுத்தினார். 1902-இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹொனோல்ட், உயர்வோல்டேஜ் மேக்னெட்டோவையும் பிளக்கையும் ஒன்றாக இணைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் பேட்டரியையும் காயிலையும் வைத்துச் செய்த ஏற்பாடு 1910-ஐ ஒட்டி காடிலாக் கார்களில் ஏறியது. பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட்டைத் தேய்த்து, அதன் இடைவெளி பார்த்து, கன்டென்சர் மாற்றி அல்லாடியது இந்தப் பரம்பரைச் சொத்தோடுதான். இப்போது துண்டிக்கும் வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் குந்தியிருக்கிறது. இயற்பியலில் எதுவும் மாறவில்லை.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயம் இந்தக் காயிலில் உண்டு. 30,000 வோல்ட் என்பது அதன் உச்ச வல்லமை. அதை ஒவ்வொரு முறையும் அது கொடுப்பதில்லை. வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். பிளக் இடைவெளி உடைந்து பொறி தாவிய நொடியில் ஏற்றம் நின்றுவிடும். இடைவெளி 12,000 வோல்ட்டில் உடைந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது. ‘45,000 வோல்ட் ஹை பவர் காயில்’ என்று அட்டையில் போட்டு விற்பதை வாங்கி மாட்டினாலும் அதே பிளக் அதே 12,000-லேயே வெட்டும். மிச்ச வல்லமை சும்மா கிடக்கும்.

அடுத்து ஆற்றல் கணக்கு. ஒரு பொறியில் உள்ள ஆற்றல் சராசரியாக 0.05 ஜூல். 1,200 சிசி காரில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது ஒவ்வொரு முறையும் அதற்குள் போவது சுமார் 12 மில்லிகிராம் பெட்ரோல். அது எரிந்தால் கிடைப்பது 500 ஜூல் அளவு. பொறி அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சரியான விகிதத்தில் கலந்து அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஆய்வுக்கூடத்தில் கால் மில்லிஜூல்கூடப் போதும். எஞ்சினுக்குள் சுழற்காற்று, பாதி ஆவியான துளிகள், பழைய புகையின் மிச்சம் எல்லாம் இருப்பதால் நூறு, இருநூறு மடங்கு தாராளமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பொறியை இன்னும் பெரிதாக்குவதால் பெட்ரோலில் இல்லாத சக்தி எதுவும் வந்துவிடப் போவதில்லை. பொறிக்கு உள்ள கடமை இரண்டு: தவறாமல் விழ வேண்டும், நேரத்துக்கு விழ வேண்டும். மைலேஜ் பற்றிய பேச்சு முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

தவறாமல் விழுவது சின்ன வேலை இல்லை. 60 கி.மீ. வேகத்தில் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும் காரில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 முறை வெட்டுகிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் முறை. 30,000 கி.மீ. ஓடினால் மூன்று கோடிப் பொறி. ஒவ்வொரு பொறியும் விழும் இடத்தில் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு உலோகம் ஆவியாகிப் போகும். புதுப் பிளக்கின் நடுமுனையை விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். விளிம்பு வெட்டியது போல் கூர்மையாக இருக்கும். மின்புலம் கூர்மையான விளிம்பில்தான் குவியும். பொறி கிளம்ப அதுதான் வசதியான இடம். ஓடி ஓய்ந்த பிளக்கில் அந்த விளிம்பு மழுங்கி, சோப்புக்கட்டி போல் உருண்டிருக்கும். 0.8-இல் இருந்த இடைவெளி 1.1 மி.மீ. ஆகியிருக்கும். இரண்டும் சேர்ந்து கேட்கும் வோல்டேஜை மேலே தள்ளும்.

அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவது காயில். பொறி தாவ வழியில்லாத மின்னழுத்தம் வேறு வழி தேடும். காயிலின் எபாக்சி பூச்சில் ஒரு விரிசல், ரப்பர் பூட்டில் ஓர் ஓட்டை, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் படிந்த எண்ணெய், எது கிடைத்தாலும் சரி. ஒருமுறை அப்படிப் பாய்ந்துவிட்டால் பீங்கான் மேல் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கரித்தடம் விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த முறையும் அதே வழிதான். தடம் ரப்பர் பூட்டின் உட்புறத்திலும் பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பூட்டையே போட்டால் புதுப் பிளக்கிலும் கொஞ்ச நாளில் அதே கோடு. காயில் போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் கார்கள் பலவற்றில் முதல் குற்றவாளி, காலாவதியான பிளக்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ச் சில ஆயிரம் தண்டம்.

சரி, மைலேஜுக்கு வருவோம். நான்கு சிலிண்டரில் ஒன்று அறவே வெட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். செத்த சிலிண்டரின் பெட்ரோலோ எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது. லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்த கார் 12-க்கு இறங்கிவிடும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க மைலேஜ் கணக்கே தேவையில்லை. வண்டி குலுங்குவதிலேயே தெரிந்துவிடும். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு மினுக்கும். கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை ஒரு சென்சார் விடாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஒரு சிலிண்டர் தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாவிட்டால் சுழற்சி ஒரு நூலளவு பின்தங்கும். அதை வைத்து எந்தச் சிலிண்டர் என்று கணினி குறித்துவிடும்.

பெட்ரோலைச் சத்தமில்லாமல் தின்பது இடைநிலைதான். நூறு முறையில் மூன்று நான்கு முறை மட்டும் பொறி தவறுகிறது. ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. பிக்கப் கொஞ்சம் மந்தம் என்று தோன்றும். தவறிய முறைகளின் பெட்ரோல் வீண். அதோடு போனால் பரவாயில்லை. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு சேர்ந்து காற்றும் அப்படியே வெளியேறுகிறது. சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலை அவ்வளவாக அடையாளம் தெரியாது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன்தான் தெரியும். ‘ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை’ என்று அது தகவல் கொடுக்க, கணினி அதை நம்பி நன்றாக ஓடும் சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. ஒருவன் சாப்பிடாமல் எழுந்ததற்கு ஊருக்கே இலை போட்ட கதை. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, அதன் தேன்கூட்டுப் பீங்கானையே உருக்கிவிடவும் கூடும். கன்வர்ட்டரின் விலையைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு பிளக் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவது நிலை இன்னும் நுட்பமானது. பொறி விழுகிறது, ஆனால் சோகையாக. தீ பற்றிச் சிலிண்டர் முழுக்கப் பரவ நான்கு மில்லிவினாடி போல ஆகும்; 2,000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் ஐம்பது டிகிரி திரும்பியிருக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு பதினைந்து டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பொறியை முன்கூட்டியே விடுகிறார்கள். முதல் தீக்கரு நோஞ்சானாகப் பிறந்தால் பரவத் தாமதமாகும். பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகு வரும் அழுத்தம் தள்ளுவதற்குப் பதில் சைலன்சரைச் சூடாக்கும். இதில் போவது பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான்.

எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு? அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு நிதானமானது: டியூனிங் வெளிப்படையாகக் கெட்டுப்போன காரைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மைலேஜ் மீளும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் மாதம் 1,000 கி.மீ. ஓடுபவருக்கு அது இரண்டரை லிட்டர் பெட்ரோல். சென்னை விலையில் இருநூற்றைம்பது ரூபாய்ச் சொச்சம். நல்ல லாபம்தான். ஆனால் ‘கெட்டுப்போன’ என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. 10,000 கி.மீ. மட்டுமே ஓடிய, சரியாக வெட்டும் பிளக்கை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிளக் இழந்ததை மீட்டுத்தான் தரும். இழக்காதவருக்கு மீட்க என்ன இருக்கிறது?

இந்த உண்மையை மறைத்து வியாபாரம் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. 1990-களில் அமெரிக்காவில் ஸ்பிளிட்ஃபயர் என்றொரு பிளக் சக்கைப்போடு போட்டது. அதன் வெளிமுனை ஆங்கில ‘வி’ போலப் பிளந்திருக்கும். மைலேஜ் கூடும், புகை குறையும், இழுவை ஏறும் என்று விளம்பரம். அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆதாரம் கேட்டது. போதிய ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டின் பேரில், ஆதாரமின்றி அப்படி விளம்பரம் செய்வதில்லை என்ற உடன்பாட்டுக்கு 1997-இல் நிறுவனம் வந்தது. நான்கு முனை, எட்டு முனை என்று இன்றும் விற்கிறார்கள். முனை எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் பொறி ஒன்றில்தான் விழும்.

இரிடியம் பிளக் அந்த ரகத்தில் சேராது. சாதாரணப் பிளக்கின் நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,446 வரை தாங்கும். அதனால் நடுமுனையை 2.5 மி.மீ. தடிமனிலிருந்து 0.6, 0.4 மி.மீ. வரை மெலிதாக்க முடிந்தது. மெல்லிய முனையில் மின்புலம் நன்றாகக் குவியும். குறைந்த வோல்டேஜில் வெட்டும். தீக்கருவின் சூட்டை உறிஞ்சவும் உலோகம் அங்கே அதிகமில்லை. காயிலுக்குச் சுமை குறைவு, ஆயுள் ஒரு லட்சம் கி.மீ. பக்கம். நான் வாங்கச் சொல்வது இந்த ஆயுளுக்காகத்தான். இதைப் போட்டதும் லிட்டருக்கு ஐந்து கி.மீ. கூடியது என்பவர்களிடம், கழற்றிய பழைய பிளக்கைக் காட்டச் சொல்ல வேண்டும்.

பிளக்கால் மைலேஜ் உண்மையிலேயே கூடிய இடமும் உண்டு. அங்கே எஞ்சினையே அதற்காக வடிவமைத்தார்கள். 2003-இல் பஜாஜ் பல்சரில் வந்த டிடிஎஸ்-ஐ ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தது. அதே ஆண்டு இங்கே வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். தீ இரண்டு பக்கமிருந்தும் கிளம்பினால் ஓட வேண்டிய தூரம் பாதி. மெலிந்த கலவையும் முழுதாக எரியும். பிளக் மாற்றும் செலவும் இரண்டு மடங்கு என்பதை அந்தச் சிட்டிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கழற்றிய பிளக்கைக் குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. நுனிப் பீங்கான் இளம் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். வறண்ட கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ ஒழுகுகிறது. மைலேஜ் குறைவுக்குக் காரணம் அங்கே இருக்கிறது, பிளக் வெறும் சாட்சி. சுண்ணாம்பு வெளுப்பாகக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பிளக் நுனி 450–500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800-ஐத் தாண்டினால் பொறிக்குக் காத்திராமல் அதுவே கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த வரம்புக்குள் நிறுத்தத்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு வெப்ப எண். இதில் ஒரு வேடிக்கை: என்ஜிகே பிளக்கில் எண் ஏறினால் குளிர்ந்த ரகம், போஷ் பிளக்கில் எண் ஏறினால் சூடான ரகம். எண்ணை மட்டும் பார்த்துக் கம்பெனி மாற்றினால் தலைகீழாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது ஆர்எக்ஸ்-100 காலத்துப் பழக்கம். இரிடியம் முனையில் அதைச் செய்தால் முனையே போய்விடும்.

மைலேஜ் குறைந்ததும் பிளக் மேல் பழி போடுவதற்கு முன் பங்க்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் போய்விடும். எந்தப் பிளக்காலும் அதைத் திருப்ப முடியாது. எல்பிஜி, சிஎன்ஜி வண்டிகளில் விவகாரம் வேறு: கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அங்கே பிளக்கைக் கையேடு சொல்லும் தவணைக்கு முன்பே பார்ப்பது தப்பில்லை.

பிளக் கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டிய பொருள். காயிலுக்கு அப்படிக் கணக்கு இல்லை, கெட்டால் மாற்றலாம். “எதுக்கும் நாலு காயிலையும் மாத்திடலாம்” என்று யாராவது சொன்னால் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் தவறுகிறது என்று பொருள். எஞ்சின் ஆறியதும் முதல் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை முதலில் மாட்டி, குறியை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். குறி பி0303 என்று இடம் மாறினால் அந்தக் காயில்தான் கெட்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். குறி நகராமல் ஒன்றிலேயே நின்றால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தேடல் இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் போக வேண்டும். பில்லில் புதுக் காயில் ஏற வேண்டிய காரணமே இல்லை.